ஒன்று தசம் ஆறு

ஐப்பசியின் முதல் மழை.
கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும்
பிரேக்கை மெல்லத்தான் தொட்டேன்.
கார் நின்றது,
நான் நிறுத்திய இடத்தில் அல்ல.
முன்னே போன மீன் லொறியின் பின்பலகையில்
'அல்லாஹ் போதுமானவன்' என்று எழுதியிருந்ததை
எழுத்துக்கூட்டி வாசிக்கலாம் போல
அவ்வளவு கிட்டத்தில்.

அன்று முழுக்க ஆய்வுகூடத்தில்
மற்றவர்களின் இரத்தத்துக்கு எல்லை பார்த்தேன்.
இது கூட. இது குறைவு.
இவருக்கு இன்றைக்கே சொல்லவேணும்.
சிவப்பு மையால் வட்டம் போடுகிற கை.
அந்தக் கை ஒருநாளும்
என் ரயரைத் தடவிப் பார்த்ததில்லை.
காற்று இருக்கிறதா என்று
செருப்பு நுனியால் ஒரு தட்டு,
அதோடு சரி.

பின்னேரம் உப்புவெளியில், கேற்றடியில்,
ஐந்து ரூபாய்க் குற்றியைப்
பள்ளத்துக்குள் நிறுத்தினேன்.
விளிம்பு மூழ்கியது. கொஞ்சம் ஆறுதல்.
பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மேடு உண்டு,
தேய்மானம் அதைத் தொட்டால் முடிந்தது கதை.
ஒன்று தசம் ஆறு மில்லிமீற்றர்.
அதற்குக் கீழே தண்ணீர் ஒதுங்க இடமில்லை,
சக்கரம் தெருவை விட்டுவிடும்.
மேட்டுக்கு இன்னும் தூரம் இருந்தது.
எழும்பிப் போயிருப்பேன்.
ஏனோ மல்லாந்து படுத்து
உட்பக்கத்துக்கு லைற் அடித்தேன்.

அங்கே பள்ளமே இல்லை.
குற்றி நிற்க மாட்டேன் என்று மணலில் விழுந்தது.
கடல் தின்ற சிப்பி மாதிரி ஒரு வழவழப்பு,
அதன் நடுவே மெல்லிய கம்பி.
தடவினேன்.
விரல் நுனியில்
தினமும் நான் எண்ணுகிற அதே சிவப்பு.

"வண்டி இடப்பக்கம் இழுக்குதா மிஸ்?"
ஜக்கை உருட்டிக்கொண்டே முசம்மில் கேட்டான்.
இல்லையே என்றேன்.
அவன் நம்பவில்லை.
பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு
ஸ்டியரிங்கை விடச் சொன்னான்.
வெறும் வீதி. வேகம் இருபது.
இரண்டு கையையும் மடியில் வைத்தேன்.
கார் தன்பாட்டில்
வாய்க்காலைப் பார்த்துத் திரும்பியது.

அப்படியென்றால் மூன்று வருசமாய்
வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான்
வேலைக்குப் போய் வந்திருக்கிறேன்.
தோள்மூட்டு நோவை
பைப்பெற் பிடித்த நோவென்று நினைத்து
எண்ணெய் தேய்த்திருக்கிறேன்.

டிக்கியைத் திறந்து ஸ்பெயாரையும் எடுத்தான்.
ரப்பர் மயிர்கூட உதிராத புதுசு,
தெருவே காணாதது.
பக்கத்தில் நாலு இலக்கம், 2313.
"பதின்மூண்டாம் வருசம், இருபத்திமூண்டாம் கிழமை.
இதுவும் சரிவராது மிஸ்."
வளைத்துக் காட்டினான்.
தண்ணீர் வற்றிய தம்பலகாமத்து வயல்போல
எங்கும் மயிர்வெடிப்பு.
ஓடினால்தான் பழசாகும் என்று
யார் எனக்குச் சொன்னது?

சீட்டுக்காசு இரண்டு ரயருக்குத்தான் காணும்.
புதுசை முன்னுக்குப் போடு என்றேன்.
பின்னுக்கு என்றான்.
"முன்சில்லு வழுக்கினா கைக்குத் தெரியும்.
பின்சில்லு வழுக்கினது
வழுக்கி முடிஞ்ச பொறகுதான் தெரியும்."
நல்ல நிலையில் இருந்த பின்சில்லுகள்
முன்னுக்கு வந்தன.
ஸ்பெயார் அடுத்த சம்பளத்துக்கு.

கழற்றிய இரண்டையும்
காற்றடிக்க வந்த படகுக்காரர் கேட்டு வாங்கினார்,
துறையில் படகு மோதாமல் கட்ட.
கம்பி வெளியே தெரியுது, கவனம் என்றேன்.
"இனி இது எங்கயும் ஓடாதே புள்ள" என்று
தோளில் கோத்துக்கொண்டு போனார்.

அலைன்மென்ற் பார்த்து, காசு கொடுத்து,
இருட்டுகிற நேரம் மீண்டும் பாலம்.
மழை விட்டிருந்தது, தெரு ஈரம்.
கார் இப்போது நேராகத்தான் ஓடுகிறது.
வலப்பக்கம் இழுப்பது
என் கை.
எதிரே வந்த மூதூர் பஸ்
நீளமாய் ஹோன் அடித்தது.